எரியுது சரி, எத்தனை நேரம் எரியும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எடை போடாமல் எதுவும் கை மாறாது. வெல்ல மண்டியில் மூட்டைக்கு எடை, லீ பஜாரில் பருப்புக்கு எடை, கொலுசுப் பட்டறையில் எடையோடு வெள்ளியின் டச்சும், அதாவது தூய்மையும், சேர்த்துப் பார்ப்பார்கள். அதே ஆட்கள் பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சிக்கு வந்தால், பல்பு எரிவதைப் பார்த்ததும் "அட, சூப்பர்" என்று கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இயற்பியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், ஆண்டுக்கு இரண்டு மூன்று பள்ளிகளில் "ஆற்றல்" பகுதிக்கு மதிப்பெண் போட என்னைக் கூப்பிடுகிறார்கள். நடுவராகப் போகிறவர்களுக்கும், வீட்டுக் கூடத்தில் தெர்மாகோலைப் பரப்பிவைத்துக்கொண்டு விழிக்கும் அப்பா அம்மாக்களுக்கும் சேர்த்தே இந்தக் குறிப்புகள்.

1. பேனாவும் மதிப்பெண் தாளும் மட்டும் கொண்டு போகாதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர், சமையலறை எடை மெஷின், ஒரு லிட்டர் அளவுக் குவளை, அளவு டேப் போதும். கடிகாரம் செல்போனிலேயே இருக்கிறது. மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துக்கொண்டு பேட்டரியின் இரண்டு முனையிலும் நேராகத் தொடக் கூடாது, உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். வீட்டு பிளக்கில் அப்படித் தொடுவது உயிருக்கே ஆபத்து. வோல்ட் பார்க்க இரு முனை, ஆம்பியர் பார்க்க ஒயரை வெட்டி நடுவில்.

2. முதல் கேள்வி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இருக்கட்டும்: "எரியுது சரி, எத்தனை நேரம் எரியும்?" ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். புரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு மண்டியைக் காட்டிச் சொல்லுங்கள். 50 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரம் தூக்கி லாரியில் வைக்க சுமார் 490 ஜூல். ஒரு நிமிடத்தில் தூக்கினாலும் ஒரு நொடியில் தூக்கினாலும் அதே 490தான், அது ஆற்றல். எவ்வளவு வேகமாகத் தூக்கினார் என்பது திறன். இன்னும் ஒரு படி போய், நூறு மூட்டை ஏற்றினால் மூட்டைகளுக்குப் போய்ச்சேரும் ஆற்றல் எவ்வளவு என்று கேளுங்கள். 49,000 ஜூல், அதாவது 13.6 வாட்-மணி. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றரை மணி நேரம் எரிய அவ்வளவுதான் வேண்டும். முதுகு ஒடிய நூறு மூட்டை ஏற்றியதற்கு ஒரு பல்பு ஒன்றரை மணி நேரம்! இதைக் கேட்ட பிள்ளை அதன் பிறகு "கொஞ்சம் கரண்ட் வரும்" என்று சும்மா சொல்லாது.

3. மதிப்பெண் பங்கீட்டை மேசைகளைச் சுற்றும் முன்பே எழுதிவையுங்கள். சுற்றி முடித்துவிட்டு எழுதினால் கண்ணுக்குப் பிடித்ததற்கு ஏற்றபடி கணக்கு வளையும். என்.சி.இ.ஆர்.டி. தன் தேசிய அளவிலான குழந்தைகள் அறிவியல் கண்காட்சிக்கு வைத்திருக்கும் பங்கீடு நல்ல அளவுகோல். பிள்ளையின் சொந்தக் கற்பனைக்கும் படைப்புக்கும் 20. புதுமைக்கு 15, அறிவியல் கருத்துக்கு 15, கைவேலைத் திறனுக்கு 15, மற்றவர்க்குப் பயன்படுமா என்பதற்கு 15. குறைந்த செலவு, தூக்கிச் செல்லும் வசதி, நீடித்து உழைக்கும் தன்மை இவற்றுக்கு 10. விளக்கிச் சொல்வதற்கும் காட்சிக்கும் சேர்த்து 10. ஜிகினா, சார்ட், மேசை விரிப்பு, மனப்பாடமாக ஒப்பிக்கும் பேச்சு எல்லாமே அந்தக் கடைசிப் பத்துக்குள்தான். நடைமுறையில் நாம் அந்தப் பத்தை அறுபதாக்கிவிடுகிறோம்.

4. "மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் வீட்டுக்கே மின்சாரம்" என்ற மாதிரி ஒவ்வொரு கண்காட்சியிலும் குறைந்தது இரண்டு வரும். குழாயில் ஒரு குட்டி டர்பைன், அதற்குப் பக்கத்தில் ஒரு எல்.இ.டி. திறந்தால் எரியும். பொய் இல்லை, ஆனால் எவ்வளவு? ஆயிரம் லிட்டர் தொட்டி, ஆறு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 × 9.8 × 6 போட்டால் 58,800 ஜூல், சுமார் 16 வாட்-மணி. தொட்டி முழுவதும் காலியானாலும், ஒரு சொட்டு ஆற்றல்கூட வீணாகாவிட்டாலும், ஒன்பது வாட் பல்பு இரண்டு மணி நேரம்கூட எரியாது. அந்தத் தொட்டியை நிரப்ப அரைக் குதிரைத்திறன் மோட்டார் அரை மணி ஓடினாலே 180 வாட்-மணிக்கு மேல் போய்விடும். இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக்காட்டினால் பிள்ளை முகம் வாடும். அதனால் பேப்பரைக் கொடுத்து அதையே போடச் சொல்லுங்கள். போட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ வீட்டுக்கு ஆகாதுங்க டீச்சர், மலையில அருவி இருந்தா ஆகும்" என்று சொன்ன ஒரு எட்டாம் வகுப்புப் பையனுக்கு நான் அறிவியல் கருத்துக்கு முழுப் பதினைந்தும் போட்டேன். மாதிரியில் சாயம்கூடச் சரியாகக் காய்ந்திருக்கவில்லை.

5. மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் அதே மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும், நடுவில் ஒரு பல்பும் எரியும் என்று "இலவச மின்சாரம்" வந்தால் கோபப்படாதீர்கள். யூடியூப்பில் பார்த்ததை நம்பிச் செய்திருக்கும். பலகையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அடியில் ஒரு செல் ஒட்டியிருக்கும். இல்லையென்றால் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பக்கத்து மேசையைப் பார்த்துவிட்டு வாருங்கள். மோட்டாருக்குள் போகும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கச் சொல்லி, ஜெனரேட்டரிலிருந்து வருவதையும் பெருக்கச் சொல்லுங்கள். இரண்டாவது எண் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். அந்த இரண்டு எண்ணையும் சார்ட்டில் எழுதிவைக்கும் துணிச்சல் இருந்தால் தோற்றுப்போன அந்த மாதிரிக்கே பரிசு கொடுக்கலாம்.

6. எலுமிச்சம்பழ பேட்டரி. "எலுமிச்சையிலிருந்து மின்சாரம்" என்று தலைப்பிலேயே தப்பு. செலவாவது பழம் இல்லை, துத்தநாகம். ஒரு பழத்தில் செம்பும் துத்தநாகமும் குத்தினால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும், மின்னோட்டமோ மில்லி ஆம்பியர் கணக்கில்கூடத் தேறாது. சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரியவே மூன்று நான்கு பழம் வரிசையாக வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி: "ஆணியை முன்னாடி எடை போட்டாயா, பின்னாடி எடை போட்டாயா?" உப்புத் தண்ணீர் விளக்குக்கும் இதே சங்கதி. உப்பு எரிவதில்லை, உள்ளே இருக்கும் மக்னீசியத் தகடு கரைகிறது. சேலத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் இருக்கலாமா? ஏற்காடு அடிவாரத்தில் வெட்டியெடுக்கும் மேக்னசைட், மக்னீசியத்தின் தாதுதான்.

7. சோலார் என்றால் மேசையை வெளியே தூக்கிவரச் சொல்லுங்கள். ஹாலுக்குள் ஹாலஜன் விளக்கு போட்டுக் காட்டுவது, விளக்கெண்ணெய் ஊற்றி விளக்கெண்ணெய் எடுப்பது மாதிரி. பேனலின் பின்னால் எழுதியிருக்கும் பத்து வாட் என்பது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலும், செல்லின் சூடு 25 டிகிரியும் இருந்தால் கிடைப்பது. நம் ஊர் சித்திரை வெயிலில் பேனல் தொட முடியாதபடி சுடும். சூடு ஏற ஏற வோல்ட் இறங்கும். வெயில் அதிகமானால் கரண்ட் அதிகம் என்று மட்டும் படித்த பிள்ளை, பேனலில் தண்ணீர் தெளித்ததும் மீட்டர் சற்று ஏறுவதைப் பார்த்து அசந்துபோகும். பேனலின் ஒரு ஓரத்தில் உள்ளங்கையை வைத்து நிழல் விழச் செய்து, மீட்டர் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். "ஏன்?" என்று கேளுங்கள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை மணிக்கொரு தடவை எழுதிய அட்டவணை ஒன்று, மின்னும் சோலார் வீட்டைவிட என் கணக்கில் பெரியது.

திருவண்ணாமலையின் வினிஷா உமாசங்கர் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது சோலார் இஸ்திரி வண்டியைத் திட்டமிட்டார். 2020இல் ஸ்வீடனின் சிறுவர் பருவநிலைப் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு எர்த்ஷாட் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்து கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டிலும் பேசினார். தெருவில் இஸ்திரிக்காரர் கரி எரிப்பதைப் பார்த்து எழுந்த யோசனை அது. ஐந்து மணி நேர வெயிலுக்கு ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்று நேரக் கணக்கோடுதான் வெளியே வந்தது. உங்கள் தெருவில் எது எரிகிறது என்று பார்த்துவிட்டு வந்த பிள்ளையா, படத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையா என்பது முதல் இரண்டு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

8. காற்றாலை மாதிரிக்கு எதிரில் டேபிள் ஃபேன் ஓடினால், ஃபேன் எத்தனை வாட் தின்கிறது என்று மட்டும் கேளுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் திறன் எட்டு மடங்கு என்று சொல்லும் பிள்ளை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

9. மேட்டூர் அணை மாதிரி இல்லாத கண்காட்சி இந்தப் பக்கம் கிடையாது. நீல ஜெலட்டின் பேப்பர், பஞ்சு நுரை, கோபுரத்தில் சீரியல் செட். 1934இல் கட்டி முடித்தது, நீர்மட்டம் 120 அடி என்று பிள்ளை கடகடவென்று ஒப்பிக்கும். "சரி, வினாடிக்கு ஆயிரம் கன அடி தண்ணீர் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் எத்தனை வாட்?" என்று கேளுங்கள். ஆயிரம் கன அடி என்பது சுமார் 28 கன மீட்டர், 120 அடி என்பது 36.6 மீட்டர். இழப்பே இல்லை என்று வைத்தால் பத்து மெகாவாட் வரும். அடுத்த கேள்வி: நீர்மட்டம் 60 அடிக்கு இறங்கினால்? பேப்பரில் தினமும் நீர்மட்டம் பார்க்கிற வீட்டுப் பிள்ளை, விவசாயத்துக்கு மட்டுமா அந்த எண், மின்சாரத்துக்கும்தான் என்று அன்றைக்குக் கண்டுகொள்ளும்.

10. யார் செய்தது? இதைக் கண்டுபிடிக்க ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு "மாட்டு" என்று சொன்னால் போதும். ஆனால் இதில் நானும் ஒரு தடவை தவறியிருக்கிறேன். ஒரு பெண், ஏழாம் வகுப்பு. வெள்ளி உருக்கும் உலையின் வெளிச்சூட்டில் மின்சாரம் எடுக்கலாமா என்று பார்த்திருந்தாள். உலையைக் கொண்டுவர முடியாதே, ஒரு பக்கம் வெந்நீர்ப் பாத்திரம், மறு பக்கம் ஐஸ் தண்ணீர்ப் பாத்திரம், நடுவில், இரு பக்கச் சூட்டு வித்தியாசத்தில் மின்சாரம் தரும் பெல்டியர் சில்லு. மீட்டரில் 1.2 வோல்ட். ஐஸ் கரையக் கரைய நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதியிருந்தாள்: 1.2, 1.1, 0.9. நோட்டில் தண்ணீர் சிந்திய கறை. எல்லாம் சரி, ஆனால் ஒயரைப் பற்றவைத்திருந்த அழகு கடைக்காரர் வேலை மாதிரி இருந்தது. மொட்டு மொட்டாக, ஒரே அளவில். பெரியவர் யாரோ செய்து கொடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டிக் கைவேலைக்கு ஐந்து போட்டேன். கிளம்பும்போது மனசு கேட்காமல் "இதை யாரும்மா பத்த வச்சாங்க?" என்றேன். "நான்தாங்க டீச்சர். எங்கப்பா பட்டறைல கொலுசு வளையம் பத்த வைக்கறப்போ கூட உக்காந்திருப்பேன்" என்றாள். சால்டரிங் அயர்ன் வரவழைத்து என் கண் முன்னாலேயே ஒன்று வைத்துக்காட்டினாள். முன்பு இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. ஐந்தை அடித்து பதினாலு எழுதினேன். சந்தேகம் வந்தால் குறைக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

11. சாண எரிவாயு மாதிரியில் நாள் கணக்கைக் கேளுங்கள். நேற்று கரைத்து இன்றைக்கு பலூன் உப்பியது என்றால் அதில் பெரும்பாலும் கரியமில வாயுதான், எரியாது. எரியும் மீத்தேன் சேர வாரக்கணக்கில் ஆகும். ஜவ்வரிசி ஆலைகளில் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுப்பதும், நாமக்கல்லில் கோழி எச்சத்திலிருந்து மின்சாரம் எடுப்பதும் நம் பக்கத்திலேயே நடக்கிறது. கோழி எச்சத்தை மட்டும் போட்டால் அம்மோனியா ஏறி நுண்ணுயிர் படுத்துக்கொள்ளும், மாட்டுச் சாணம் கலக்க வேண்டும் என்று சொல்லும் பிள்ளை நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறது. எப்படியும் ஹாலுக்குள் பற்றவைத்துக் காட்ட விடாதீர்கள். கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடியிருந்தால் உடனே வெளியே.

12. செலவே இல்லாத நல்ல ப்ராஜெக்ட் உங்கள் வாசலிலேயே தொங்குகிறது: இ.பி. மீட்டர். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும், பல மீட்டரில் 3200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய மின்விசிறியை மட்டும் முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு எண்ணினால் நாற்பது சிமிட்டல் வருகிறதா? அப்படியென்றால் அது 75 வாட். புது பி.எல்.டி.சி. விசிறிக்குப் பதினாறு வந்தால் 30 வாட். வித்தியாசம் 45 வாட். தினம் பத்து மணி நேரம், இரண்டு மாதம் ஓடினால் 27 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கும் நம் மாநிலத்தில், அந்த நூறைத் தாண்டாமல் இருக்க இந்த 27 எவ்வளவு உதவும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இன்டக்ஷன் அடுப்பில் ஊறவைத்த துவரம்பருப்பு, ஊறவைக்காத பருப்பு இரண்டையும் வேகவைத்துச் சிமிட்டல் எண்ணிய ஒரு பிள்ளையின் நோட்டை இன்னும் என் மேசையில் வைத்திருக்கிறேன். பார்க்க ஒன்றுமே இருக்காது, அதனால் பார்வையாளர் நிற்க மாட்டார்கள். நடுவராவது நில்லுங்கள்.

13. கீழே சொல்பவை கண்ணில் பட்டால் மதிப்பெண் அப்புறம், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் இல்லாமல் ஒயர் நுனியைச் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சி வைத்து அழுத்தியது. பழைய லேப்டாப்பிலிருந்து உரித்த லித்தியம் செல்களை செல்லோடேப் போட்டுக் கட்டியது. டூவீலர் பேட்டரியின் ஆசிட். உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்டு ஹைட்ரஜன் எடுப்பது. இந்தக் கடைசி ஒன்று பலருக்குத் தெரியாது. உப்பு போட்டால் ஒரு பக்கம் குளோரின் வரும், மூச்சு அடைக்கும். உப்புக்குப் பதில் சலவை சோடா கரைக்கச் சொல்லுங்கள், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டும் வரும். அதையும் ஜன்னல் ஓரத்தில்.

14. இங்கிலீஷில் சரளமாகப் பேசினால் அறிவியல் கூடிவிடாது. "பொட்டென்ஷியல் டிஃபரன்ஸ்" என்று சொல்லிவிட்டு மேலே போகாத பிள்ளையைவிட, "தண்ணித் தொட்டி உசரம் மாதிரிங்க டீச்சர், அந்த உசரம் இருந்தாத்தான் கரண்ட்டு ஓடும்" என்ற பிள்ளைக்குத்தான் விஷயம் பிடிபட்டிருக்கிறது.

15. "நேத்து ராத்திரி எரிஞ்சதுங்க டீச்சர், இப்போ எரியல." ஒவ்வொரு கண்காட்சியிலும் கேட்கும் வாசகம். அழ ஆரம்பிக்கும் முன் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து "எதுவரைக்கும் வோல்ட் வருதுன்னு பாரு" என்று சொல்லுங்கள். செல் இறங்கியிருக்கும், இல்லை பஸ்ஸில் வரும்போது ஒயர் விட்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தால் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் மதிப்பெண்.

16. எந்த மேடை என்று பார்த்துத் தயார்ப்படுத்துங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இங்கே நடத்தும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் (1993லிருந்து நடக்கிறது) மாதிரியைவிட ஊரில் அலைந்து எடுத்த தகவலும் அறிக்கையும்தான் முக்கியம். இன்ஸ்பையர் மானக் விருதுக்கு யோசனை புதிதாக இருக்க வேண்டும். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். மேட்டூர் அணையை இரண்டுக்கும் அனுப்பாதீர்கள்.

17. முந்தின நாள் ராத்திரி வேலை: தெர்மாகோலை ஃபெவிகாலில் ஒட்டுங்கள், ரப்பர் பசை போட்டால் தெர்மாகோல் உருகிக் குழி விழும். மாற்று செல் இரண்டு, எல்.இ.டி. நான்கு, இன்சுலேஷன் டேப் ஒன்று தனிப் பையில். சார்ட்டில் ஒரு கட்டம் காலியாக விட்டு "எங்களுக்குச் சரியாக வராதது" என்று தலைப்பு போடச் சொல்லுங்கள், அதைப் பிள்ளையே தன் கையெழுத்தில் நிரப்பட்டும்.

18. பரிசளிப்பு முடிந்ததும் எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் செல்களைக் கழற்ற மறந்துவிடுவார்கள். பையில் சாவிக்கொத்தோடு கிடந்தால் ஒன்பது வோல்ட் பேட்டரி சுட்டுக்கொண்டே வரும். ஒவ்வொரு மேசையிலும் கழற்றவைத்து, முனையில் டேப் ஒட்டச் சொல்லி அனுப்புங்கள். போன தடவை எனக்கு இருபத்திரண்டு செல் மிஞ்சியது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், ஒன்பது இன்னும் நல்லா இருந்தன. சுவர்க் கடிகாரத்துக்கு ஆச்சு.